குழியை ஒட்டிய சுவர்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டி சைட்டில், எல்லார் முன்னாலும், "தூறல்ல நனையாதீங்கப்பா, போய் கார்ல உக்காருங்க" என்று என்னை அனுப்பி வைத்தாயே, அந்தக் காரில் உட்கார்ந்திருந்த அரைமணி நேரம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். சென்ட்ரிங் பலகை தூக்கத் தொடங்கிய நாள் முதல் வெயிலும் மழையும் பார்த்தவனை, சாமான் நனையாமல் ஓரமாக எடுத்து வைப்பதுபோல் வைத்துவிட்டாய். முட்டி வலிக்காரனுக்கு அது நல்லதுதான் என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். தொழிலை உன் கையில் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, கொடுத்தவன் குறுக்கே நிற்கக் கூடாது. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த போனை எடுத்துவிடுவாய். போனில் பேசினால், "மீட்டிங்ல இருக்கேங்கப்பா." அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முழுதும் படி.

கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுச் சுமதி குடையைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் வந்ததைப் பார்த்தேன். இரண்டு மாடி வீட்டைப் பெண்கள் ஹாஸ்டலாக நடத்தி, ஐடி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் நாற்பது பெண்களுக்குச் சோறு போடுகிற மனுஷி. அவள் வீட்டுச் சமையலறைச் சுவருக்கும் நீ அடித்தளத்துக்குத் தோண்டும் குழிக்கும் நடுவில் நான்கடி மண்கூட இல்லை. "ஏனுங்க தம்பி, சமையக்கட்டுச் செவுத்துல வெடிப்பு உட்டிருக்குதுங்க. நேத்தைக்குக் கோடு மாதிரி இருந்துச்சுங்க. இன்னைக்கு ஒத்தை ரூவாக் காசு நொழையுதுங்க" என்றாள். நீ சிரித்த முகத்தோடு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கக்கா. பழைய செவுரு, பூச்சு விரிஞ்சிருக்கும். ரெண்டு நாள் பொறுத்துக்கங்க, நம்ம ஆளை உட்டுப் பூசிக் குடுத்தர்றனுங்க. டீ சாப்பிடறீங்களா?" என்றாய். அவள் டீயைக் குடித்துவிட்டு, அரைமனதாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் போனதும் நீ பொக்லைன்காரனைப் பார்த்துக் கையை அசைத்தாய், வண்டி மறுபடி உறுமியது. நீ பேசியது உன் பேச்சு இல்லை. அது என்னுடைய பேச்சு. சொல்லுக்குச் சொல் என்னுடையது.

வெளியூர்க்காரர்கள் கோயமுத்தூர்க்காரர்களைப் பற்றி மெச்சிச் சொல்வதெல்லாம் நம் மரியாதையைத்தான். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் ஒன்றை நமக்குள் ஒப்புக்கொள்வோம். இன்னொரு ஊர்க்காரன் கத்திச் சண்டை போட்டு ஒருவரை விரட்டுவான், அவரும் பதிலுக்குக் கத்துவார், நாலு பேர் கூடுவார்கள், விஷயம் வெளியே வந்துவிடும். நாம் உட்காரவைத்து, டீ கொடுத்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்து, வந்தவர் என்ன சொல்ல வந்தாரோ அதை அவர் வாயிலேயே திருப்பிப் போட்டு அனுப்பிவிடுவோம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பது உறைக்கும். இந்த வித்தையை உனக்கு யாரும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தே பழகிவிட்டாய்.

நீ ஆறாம் வகுப்பு படித்தபோது நான் கணபதியில் கட்டிய காம்ப்ளெக்ஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். அதுவரை வீடுகள்தான் கட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் முதல் வணிகக் கட்டிடம். கீழே ஒரு ஜவுளிக் கடை, மேலே மூன்று மாடி அலுவலகங்கள், தரைக்கு அடியில் கார் நிறுத்த ஒரு தளம். அடித்தளம் தோண்டுவது எனக்குப் புதிது. பக்கத்து இடம் அந்தோணிசாமியுடையது. முன்னால் ஒரே ஒரு லேத் போட்ட பட்டறை, பின்னால் இரண்டு அறை. அவரும் மனைவி மரியபுஷ்பமும் அங்கேயே குடியிருந்தார்கள். பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். நம் சைட்டில் கம்பி வெட்டும் மிஷின் நின்றுபோனால் கூப்பிடாமலே வந்து பார்ப்பார். அவரைப் பற்றி வீட்டில் உனக்குச் சொன்னதெல்லாம், "இடத்தை வித்துப்போட்டு ஈரோட்டுப் பக்கம் போயிட்டாங்க, அப்பாதான் நல்ல விலை குடுத்து ஒதவுனாங்க" என்பதுதான். உன் அம்மாவும் அப்படித்தான் நம்பியிருந்தாள். நான் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன்.

நடந்தது இது. ஜோசியர் அஸ்திவாரக் காங்கிரீட் போட கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்தார். அதை விட்டால் மார்கழி, நம் ஆட்கள் மார்கழியில் எதையும் தொடங்கமாட்டார்கள். தை பிறக்கிறவரை காத்திருந்தால் ஜவுளிக் கடைக்காரருக்குச் சொன்ன தேதி தள்ளிப்போகும். அதனால் ஐப்பசி மழையிலும் கார்த்திகை மழையிலும் விடாமல் தோண்டினேன். இந்த ஊரில் பாதிப் பேர் செய்கிற கூத்து இது. வருஷத்திலேயே மண் மிகவும் நனைந்து கிடக்கும் இரண்டு மாதத்தில், மார்கழி வந்துவிடும் என்று பயந்து ஓடி ஓடித் தோண்டுவோம். கரிசல் மண்ணின் குணம் உனக்குத் தெரியும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். செங்குத்தாக வெட்டி நிறுத்தினால் இரண்டு நாள் சாதுவாக நிற்கும், மூன்றாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் சரியும். பக்கத்தில் கட்டிடம் இருந்தால் ஓரமாகப் பத்தடி மண்ணை விட்டுவைத்து, நடுவைத் தோண்டி முடித்து, தடுப்புப் போட்டுக்கொண்டே ஓரத்தைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். எனக்கு அது தெரியும், தெரிந்தேதான் ஓரத்தையும் ஒரேயடியாக வெட்டினேன். தெரியாமல் செய்த தப்பு என்றால் இந்த வயதில் இவ்வளவு தூக்கம் கெட்டிருக்காது.

அந்தோணிசாமி வீட்டுச் சுவரில் வெடிப்பு வந்தது. என்னிடம் அப்போது இருந்த பழனி மேஸ்திரி, என்னைக் கேட்காமலே போய், வெடிப்புக்குக் குறுக்கே ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையையும் சிமெண்ட் குழைத்து ஒட்டிவிட்டு வந்தார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், நகராவிட்டால் அப்படியே இருக்கும். மறுநாளே உடைந்துவிட்டது. அந்தோணிசாமி வந்தார். "ஏனுங்க, கண்ணாடி விரிஞ்சுபோச்சுங்க. மண்ணு நகருதுங்க. ரெண்டு நாளைக்கு வண்டிய நிறுத்திப்போடுங்களே" என்றார். நான் அவர் தோளில் கை போட்டு, "மூணே நாளுங்க அந்தோணி. மார்கழி பொறந்துட்டா ஒரு மாசம் கை வெக்க முடியாதுங்க. தை மாசம் நானே புதுச் செவுரு எழுப்பித் தந்தர்றேன், செலவு என்னுது. டீ சாப்பிடுங்க" என்றேன். "சரிங்க, நீங்க சொன்னாச் சரிங்க" என்று போய்விட்டார். ஒரு துண்டுச் சீட்டில்கூட எதையும் எழுதி வாங்கவில்லை. பக்கத்து இடத்துக்காரன் பேச்சு போதும் என்று இருந்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, விடியலில் இருந்து பெய்த மழைக்குப் பிறகு, அந்தப் பக்கத்து மண் முழுதும் குழிக்குள் சரிந்துவிட்டது. அதோடு சுவரும், சமையலறைத் தரையில் பாதியும். மரியபுஷ்பம் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். அடுப்பு மேடைக் கல் அவள் வலது கால் மேல் கிடந்தது. நானும் பழனியும் இன்னும் நாலு பேரும் சேற்றில் முட்டி புதைய நின்று அந்தக் கல்லைத் தூக்கினோம். அவள் அலறவில்லை, மாதாவே மாதாவே என்று முனகிக்கொண்டே இருந்தாள். அந்த முனகல் இன்றும் சாப்பிட உட்காரும்போது காதில் விழுகிறது. காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மடக்க முடியாது.

இப்போது சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் நான் செய்த முதல் காரியம் கூடப் போனது அல்ல. சுவரில் ஒரு பாதி விழாமல் நின்றுகொண்டிருந்தது. உடைந்த கண்ணாடி அதில்தான் ஒட்டியிருந்தது. விசாரணைக்கு ஆள் வருவதற்குள் அதைச் சுரண்டி எடுக்கச் சொன்னேன். பழனி மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பூச்சுக் கரணையை எடுத்துச் சுரண்டினார். அந்தப் பொங்கலுக்குப் போனவர் அதன்பின் என் சைட்டுக்குத் திரும்பவே இல்லை. விசாரிக்க வந்தவர்களிடம், "வெடிப்பு உட்டிருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பனுங்களே" என்றேன். அந்தோணிசாமி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வேட்டியெல்லாம் சேறு. என் முகத்தையே பார்த்தார். அந்தச் சுவருக்கு அஸ்திவாரமே சரியில்லை என்று ஓர் இன்ஜினீயரிடம் கடிதம் வாங்கினேன். தை மாதம் அவர் இடத்தை நானே வாங்கிக்கொண்டேன். முகூர்த்தமும் போயிற்று, ஜவுளிக் கடைக்காரருக்குச் சொன்ன தேதியும் போயிற்று, வேலை இரண்டு மாதம் முடங்கிக் கிடந்தது. எதற்காக ஓடினேனோ அது ஒன்றுகூட நடக்கவில்லை. கார் இறங்கும் சரிவுப் பாதை இன்று இருக்கும் இடம்தான் அவர்களுடைய சமையலறை. நீ சைக்கிள் பழகியது அந்தச் சரிவில். நீ கையை விட்டு ஓட்டிக் காட்டியபோது நான் கைதட்டினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன், நீ வரவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவித் திரும்பினால் எதிரில் அந்தோணிசாமி. தலை முழுதும் நரைத்துவிட்டது. கொஞ்சம் தள்ளி மரியபுஷ்பம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். அவரே பேசினார். "நல்லா இருக்கீங்களாங்க? தம்பி என்ன பண்றாருங்க?" என்றார். "நம்ம தொழில்தானுங்க, கட்டடம் கட்டறான்" என்றேன். "அப்படீங்களா, சந்தோசமுங்க" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து எதாச்சும் சொன்னா, கேட்டுக்கச் சொல்லுங்க" என்றார். குத்திக் காட்டினாரா, நல்லெண்ணத்தில் சொன்னாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும் அது உனக்குச் சொல்லி அனுப்பிய சேதி. அதை உன்னிடம் சேர்க்க எனக்கு இரண்டு வருஷம் தைரியம் வரவில்லை. ஏன் சொன்னார் என்று நீ கேட்பாய், அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்ற பயம்தான்.

திங்கட்கிழமை உன்னிடம் சொல்லாமல் சுமதி வீட்டுக்குப் போனேன். வெடிப்பு நீ சொன்னதுபோல் பூச்சில் இல்லை. ஜன்னல் மூலையில் தொடங்கி, செங்கல்லை வெட்டிக்கொண்டு, சாய்வாகத் தரைவரை இறங்கியிருக்கிறது. நம் வீட்டுப் பழைய ஜன்னல் கண்ணாடியில் மூன்று துண்டு வெட்டி எடுத்துப்போய், வெடிப்பை ஈரத்துணியால் துடைத்து, மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று ஒட்டினேன். முட்டியை மடக்கி உட்கார முடியாமல் கீழே உள்ளதைப் படுத்துக்கொண்டுதான் ஒட்டினேன். சுமதி பார்த்துக்கொண்டே நின்றாள். "அய்யா, நீங்க அந்தத் தம்பியோட அப்பாதானுங்களே? நீங்களே வந்து ஒட்டறீங்கன்னா எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள். புதன்கிழமை காலை போய்ப் பார்த்தபோது மேலே உள்ளதும் நடுவில் உள்ளதும் உடைந்திருந்தன. கீழே உள்ளது மட்டும் முழுசாக இருக்கிறது.

உடனே உனக்குப் போன் செய்தேன். "சிமெண்ட் காயும்போது கண்ணாடி விரியுங்கப்பா" என்றாய். காய்கிற சிமெண்டில் நான் பிழைப்பு நடத்தியவன், கண்ணு. மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறது என்றாய். அந்த மண்ணைப் பங்குனி வெயிலில் எடுத்தார்கள், தோண்டுவது கார்த்திகை மழையில். குடிவரப்போகும் கம்பெனிக்குத் தேதி கொடுத்திருக்கிறேன் என்றாய். வெள்ளிக்கிழமை கடைசி முகூர்த்தம், காங்கிரீட் லாரிகளுக்குச் சொல்லியாகிவிட்டது, அதற்குள் அந்த ஓரத்தையும் எடுத்தாக வேண்டும், விட்டால் மார்கழி என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். உன்மேல் கோபப்பட்டு அல்ல. அப்பன் செய்த தப்பை அப்படியே செய்கிறவனிடம் அப்பன் எந்த முகத்தோடு பேசுவான்? நீ கெட்டவன் இல்லை. நானும் அன்றைக்குக் கெட்டவன் என்று என்னை நினைத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள்தானே என்றுதான் நினைத்தேன்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பக்கம் பொக்லைனை இனி அண்டவிடாதே. எடுத்த மண்ணிலேயே நல்லதாகப் பார்த்து, அந்தச் சுவரை ஒட்டிச் சரிவாக மறுபடி கொட்டு, மேலே தார்ப்பாய் போட்டு மூடு. குழியில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டே இரு. மழை விடட்டும், மார்கழி போகட்டும். தையில் வரிசையாகக் காங்கிரீட் தூண்களை இறக்கி மண்ணைப் பிடித்து நிறுத்திவிட்டு அப்புறம் தோண்டு. கம்பெனிக்காரர்களிடம் பேச என்னையும் கூட்டிப்போ, கிழவன் மேல் பழியைப் போட்டுவிடு, அவர்கள் திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பெண்கள் அம்மாக்களிடம் போனில் பேசிக்கொண்டே தட்டோடு அந்தச் சமையலறையில்தான் வந்து நிற்கிறார்கள். அதை நீ ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். நானும் அந்தோணிசாமி வீட்டுக்குள் அதற்கு முன் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

இந்தக் கடிதம் மூன்று பிரதி. ஒன்று உனக்கு. ஒன்று சுமதிக்கு, யாராவது பின்னால் வந்து ஒன்றும் சொல்லவில்லையே என்று அவளைக் கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு. இன்னொன்று ஈரோட்டுக்கு. அந்தோணிசாமி அதை வைத்து என்ன செய்வாரோ செய்யட்டும், கேஸ் போட்டாலும் சரி, ஊரெல்லாம் காட்டினாலும் சரி, நான் மறுக்கப்போவதில்லை. உன் கல்யாணப் பேச்சு நடக்கும் நேரத்தில் அப்பன் இப்படிப் பெயரைக் கெடுக்கிறானே என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். நான் சுமதியிடம் பேசி, பெண்களை வியாழக்கிழமை சாயங்காலமே வேறு இரண்டு ஹாஸ்டல்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டேன். அடுப்பையும் முன்பக்கம் மாற்றியாயிற்று. சுமதியும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாள். ஆனால் ஒரு காலி வீட்டுச் சுவருக்காக நீ வேலையை நிறுத்தமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். உன் வயதில் நானும் நிறுத்தியிருக்கமாட்டேன்.

அதனால் அவளிடம் சாவியை வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து அந்தச் சமையலறையில், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். வண்டியை எடுக்கச் சொல்வதற்கு முன் எட்டிப் பார்த்துக்கொள்.

இதுவரை எழுதியதை நேற்று உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கணபதி கதை முடிந்ததும், "மழைக்கு உழுந்த செவுருன்னு நெனச்சு, அந்தப் புள்ள மரியபுஷ்பத்துக்கு ஒரு மாசம் ஆஸ்பத்திரிக்கு நான் சோறு கொண்டு போனேனுங்களே, ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க" என்று அழுதாள். ராத்திரி சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலையில் காபியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கிழமைக்கு நாற்காலி ரெண்டாப் போடச் சொல்லுங்க. நானும் வாரேன்."

உன் அப்பா